டெமோ விட்ட பிறகு என்ன நடந்தது? எழுத்துக் கட்டளை ஆட்டம் செய்தவர்கள் சொல்லுங்கள்

ரைஸ்மில்:
நானே ஆரம்பிக்கிறேன். இந்த மாதிரி ஆட்டம் செய்ய உதவும் இன்ஃபார்ம் 7 கருவியில் எழுதிய ஆட்டம், ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆங்கிலக் கட்டளைகளாக அடிக்க வேண்டும். மூடிக் கிடக்கும் ரைஸ் மில்லுக்குள் போய் ஒரு கணக்கு நோட்டைத் தேட வேண்டும். முதல் சில அறைகளை மட்டும் ஆட்டங்களை வெளியிடும் இட்ச் தளத்தில் போட்டேன். அடிப்பதெல்லாம் பதிவாகும் என்று முகப்பிலேயே சொல்லியிருந்தேன்.

முதல் அறை வர்ணனையில் அழகுக்காக ஒரு கால் உடைந்த முக்காலி. ஒருவர் வந்தார், முக்காலியைப் பார்க்கப் போனார். அப்படி எதுவும் தென்படவில்லை என்றது ஆட்டம். எடுக்கப் பார்த்தார். தென்படவில்லை. மேலே ஏறப் பார்த்தார். தென்படவில்லை. பக்கத்திலேயே விளக்கும் சாவியும் கிடக்கின்றன, அவற்றைச் சீண்டவே இல்லை மனிதர். கடைசியில் தங்கிலீஷில் அடித்தார்: "நீதானடா முக்காலி இருக்குன்னு சொன்ன." அதற்கு இன்ஃபார்மின் வழக்கமான பதில்: அந்த வினைச்சொல் எனக்குத் தெரியாது. அத்தோடு பதிவு நின்றுவிட்டது.

வர்ணனையில் வருவதையெல்லாம் தொட்டுப் பார்க்க வைப்பதென்றால் வர்ணனையே எழுத முடியாது என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. ஆனாலும் புது அறை எழுத உட்கார்ந்தால் அந்த ஆள் பின்னால் நிற்பது போலவே இருக்கிறது.

கிணற்றடி:
நான் தமிழ்க் கட்டளைக்குப் பைத்தானில் சொந்தமாகவே பார்சர், அதாவது அடிக்கும் வரியைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் நிரல், எழுதினேன். நம் மொழியில் வினை கடைசியில் வருவது ஒரு வசதி: கடைசிச் சொல்லைப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். மீதியில்தான் வேலை. "மரத்தை" என்றால் மரம், "கிணற்றில்" என்றால் கிணறு, "பெட்டியைத் திற" என்றால் நடுவில் ஒட்டியிருக்கும் த்-ஐக் கழட்ட வேண்டும். எல்லாம் செய்து முடித்து, பெருமையாக லேப்டாப்பைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழ் டைப்பிங் எனக்கு மேல்.

அவர் முதலில் அடித்தது: "தயவுசெய்து பெட்டியைத் திறக்கவும்."

புரியவில்லை என்றது ஆட்டம். பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மன்னிக்கவும். பெட்டியைத் திறந்து தர முடியுமா?" என்று அடித்தார். மறுபடியும் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, "என்னப்பா, கோவமா இருக்கா?" என்று கேட்டார். சும்மா "பெட்டியைத் திற" என்று அடியுங்கள் என்றேன். "முன்ன பின்ன தெரியாதவங்கள எடு, திறன்னு எப்படிடா சொல்றது?" என்றார். அன்று இரவே திறக்கவும், திறங்கள், திறந்து தாருங்கள் எல்லாவற்றையும் சேர்த்தேன்.

பட்டன்கட்சி:
இதற்குத்தான் சொல்கிறேன், பட்டன் வையுங்கள் என்று. அடிக்காமல் அழுத்தியே நகரும் கதை ஆட்டம் செய்ய ட்வைன் என்ற கருவி இருக்கிறது, இலவசம், தமிழும் ஒழுங்காகத் தெரியும். நான் ட்வைனில் ஒரு டெமோ விட்டேன், வந்தவர்களில் ஒருவர்கூடத் திட்டவில்லை. ஆட்டக்காரர் என்ன வார்த்தை அடிப்பார் என்று ஊகிப்பதிலேயே பாதி ஆயுள் போய்விடும். முக்காலி அண்ணனுக்கு நடந்தது பட்டனில் நடக்கவே நடக்காது.

48கே:
பட்டன்கட்சி, ஒருவரும் திட்டவில்லை என்றால் ஒருவரும் முழுதாக விளையாடவில்லை என்றும் இருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். 1976-இல் வில் க்ரௌதர் தான் நடந்து அளந்த அமெரிக்கக் கென்டக்கி குகையை வைத்து ஃபோர்ட்ரான் மொழியில் இந்த வகையின் முன்னோடி ஆட்டத்தை எழுதியபோதும், மறு வருடம் டான் வுட்ஸ் அதை வாங்கிப் பெரிதாக்கியபோதும், இரண்டு வார்த்தைதான் கட்டளை. அந்தக் காலியான வரியில் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம் என்ற நினைப்புதான் இந்த ஆட்டமே. பட்டனில் கதை படிக்கலாம், முக்காலி மேல் ஏறிப் பார்க்கலாமே என்று தோன்றாது.

என் கதை சின்னது. கேசட்டிலிருந்து ஆட்டத்தை ஏற்றும் எண்பதுகளின் வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கு எழுதினேன், டேப் ஃபைலாக வெளியிட்டேன். எல்லோரும் பழைய மெஷினைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில்தான் போடுவார்கள் என்று நினைத்தால், முகம் தெரியாத ஒருவர் அதை நிஜ கேசட்டில் பதிந்து, நிஜ ஸ்பெக்ட்ரமில் போட்டு வீடியோ அனுப்பினார். திரை ஓரத்தில் கோடுகள் ஓடுகின்றன, அந்தக் கீச்சுச் சத்தம், நிமிடக் கணக்கில். ஆட்டம் வந்தது. வடக்கே போக "N" அடித்தார். இருட்டில் பள்ளம், செத்தார். 48 கே நினைவகத்தில் இடம் மிச்சம் பிடிக்க, செத்தால் மெஷினையே ரீசெட் செய்யும்படி எழுதியிருந்தேன். வெள்ளைத் திரை, கீழே 1982 என்ற காப்புரிமை வரி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கேசட்டைத் திரும்பச் சுற்றும் சத்தம். வீடியோ அங்கே முடிகிறது. அவர் மறுபடி போட்டாரா, எடுத்து உள்ளே வைத்தாரா என்பது இன்றுவரை தெரியாது.

பட்டன்கட்சி:
முழுதாக விளையாடினார்கள் ஐயா. மூன்று முடிவுகளையும் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், "இதில் நான் என்ன செய்தேன்?" என்று கேட்டிருந்தார். அது திட்டு இல்லை.

சும்மாசொல்றேன்:
என் அனுபவம் ஒரு வரிதான்: டெமோ விட்டேன், ஒருவர் ஆட்டத்தைப் பாதியில் சேவ் செய்தார், நான் புது வடிவம் ஏற்றினேன், அவருடைய சேவ் திறக்கவில்லை, திட்டி மெயில் வந்தது. எழுத்து ஆட்டங்கள் ஓடும் இசட்-மெஷின் வடிவ ஃபைலில் வெளியீட்டு எண்ணும் தொடர் எண்ணும் சரிபார்க்கப்படும், மாறினால் ஏற்காது. அதனால் டெமோவில் சேவ் வசதியே வேண்டாம், அல்லது முழு ஆட்டத்தில் இது செல்லாது என்று முதலிலேயே போட்டுவிடுங்கள்.

அப்புறம் சில விஷயம். ரைஸ்மில், பொதுவில் விடும் முன் நாலு பேரிடம் தனியாகக் கொடுங்கள். "SCRIPT" என்று அடித்தால் விளையாடுவதெல்லாம் ஃபைலாகிவிடும், நட்சத்திரக் குறி போட்டுத் தங்கள் கருத்தையும் நடுவில் அடிக்கச் சொல்லுங்கள். சோதிப்பவர்கள் காலகாலமாகச் செய்வது இது. எல்லாப் பொருளையும் எழுத வேண்டாம், "அது சும்மா அலங்காரம்" என்று ஒரு பொதுப் பதில் போதும். இருக்கிற பொருளை இல்லை என்று சொன்னால்தான் ஆளுக்குக் கோபம் வரும்.

கிணற்றடி, ஒகர ஓகாரத்தைக் கவனித்தீர்களா? "தொடு" என்பதில் உள்ள தொ-வின் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. வருகிற வரியை முதலில் என்எஃப்சி, அதாவது குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் பார்சருக்கு அனுப்புங்கள். பைத்தானில் ஒரு வரி வேலை. இல்லையென்றால் ஒருவருடைய "தொடு" வேலை செய்யும், இன்னொருவருடையது செய்யாது, ஏன் என்று தேடித் தேடி மாள்வீர்கள்.

ஐஎஃப்காம்ப் கனவு யாருக்காவது இருந்தால், எழுத்து ஆட்டங்களுக்காக 1995-இலிருந்து நடக்கிற போட்டி அது, முன்பே வெளியாகாத ஆட்டம்தான் ஏற்பார்கள். டெமோ விடும் முன் விதிகளைப் படியுங்கள். நடுவர்கள் முதல் இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார்கள், அதனால் சரக்கை முன்னாலேயே காட்டுங்கள். இன்னொன்று, எழுத்துரு விஷயம்...

ரைஸ்மில்:
அண்ணா, நான் அறிவுரை கேட்கவே இல்லை. அலங்காரப் பதில் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதுசு:
குறுக்கே வருகிறேன். என் டெமோ ஒரு பூட்டிய கதவோடு முடியும். "டெமோ இத்துடன் முடிந்தது, நன்றி" என்று பெரிதாக வரும். ஆனால் கட்டளை வரியை மூடாமல் விட்டிருந்தேன். ஒரு பெண் அதற்குப் பிறகும் கதவைத் தட்டினார், தள்ளினார், கதவோடு பேசினார், "நன்றி"யை ஆராய்ந்தார். கடைசியில் "முடிவை நம்பாதே" என்று அடித்திருந்தார். புதிரின் ஒரு பகுதி என்றே நினைத்துவிட்டார் போல. நான் யோசித்திருந்த முழு ஆட்டத்தைவிட அவர் நினைத்தது நன்றாக இருந்தது, அதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டன்கட்சி:
கிணற்றடி, எல்லாம் சொன்னீர்கள், பெரியம்மா ஆட்டத்தை முடித்தாரா இல்லையா என்று சொல்லவே இல்லையே?

கிணற்றடி:
இல்லை. கிணற்றடி வரைக்கும் மரியாதையாகக் கேட்டுக் கேட்டே வந்துவிட்டார். அடுத்து கிணற்றில் இறங்க வேண்டும். மாட்டேன் என்றுவிட்டார். ராத்திரி நேரத்தில் யாராவது கிணற்றில் இறங்குவார்களா, விடியட்டும் என்று "காலை வரை காத்திருக்கவும்" அடித்துக்கொண்டே இருக்கிறார். என் ஆட்டத்தில் விடியலே கிடையாது. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.