மின் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கு: டிமாண்ட் சார்ஜ், கேபிடல் கிரெடிட் குறித்து ஓர் ஐயம்

கேள்வி: செம்மண்காடு

வணக்கம். நகரத்து அடுக்ககத்தில் பத்தாண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு, சென்ற ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீடு வாங்கினோம். இங்கே மின்சாரம் தருவது தனியார் நிறுவனமன்று, இ.எம்.சி. என்று இவர்கள் சுருக்கி அழைக்கும் கூட்டுறவுச் சங்கம். இணைப்புக் கேட்ட அன்றே என்னை 'உறுப்பினர்' ஆக்கிவிட்டார்கள்.

பில்லில் யூனிட்டுக்கான கட்டணம் நியாயமாகவே தெரிகிறது. ஆனால் அதன் கீழே 'டிமாண்ட் 14.2 கிலோவாட்' என்று தனியாக ஒரு வரியும் அதற்கொரு தொகையும் இருக்கின்றன. வீட்டில் வீணாக ஒரு விளக்குகூட எரிவதில்லை. பிறகு எதற்கு இது? கூடவே, கேபிடல் கிரெடிட் என்ற பெயரில் ஒரு கடிதமும் வந்துள்ளது. அதில் காட்டியுள்ள தொகையை இந்த மாத பில்லில் கழித்துக்கொள்ளலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: பழைய மீட்டர்

முதல் ஐயத்திற்கு மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பணம் போவது அங்கேதான்.

யூனிட் என்பது மாதம் முழுவதும் நீங்கள் செலவிட்ட மின்சாரத்தின் அளவு. டிமாண்ட் என்பது அந்த மாதத்தில் எந்த ஒரு மணி நேரத்தில் (சில சங்கங்களில் கால் மணி நேரத்தில்) மிக அதிகமாக இழுத்தீர்களோ, அந்த நேரத்தின் சராசரி. மாதம் முழுவதும் சிக்கனமாக இருந்துவிட்டு ஒரே ஒரு மாலையில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாலும், அந்த ஒரு மணி நேரமே கணக்கில் நிற்கும். விளக்கை அணைப்பதால் இது குறையாது. எல்.இ.டி. பல்பு 10 வாட். மின்சார வாட்டர் ஹீட்டர் 4,500 வாட், துணி உலர்த்தும் ட்ரையர் ஏறத்தாழ 5,000 வாட், 30 ஆம்பியர் இழுக்கும் கார் சார்ஜர் 7,200 வாட். வீட்டிலேயே அதிகச் சத்தம் போடும் மாவு கிரைண்டர் 200 வாட்டைத் தாண்டுவது அரிது. பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள்.

ஆகவே பொருள்களைக் குறைப்பதைவிட, அவை ஒன்றாக ஓடாமல் பார்த்துக்கொள்வதே வழி. ஒரு பேச்சுக்குக் கிலோவாட்டுக்கு 5 டாலர் என்று வைத்துக்கொண்டால், 14.2-ஐ 7.6-ஆக இறக்கும்போது, ஒரு யூனிட்கூடக் குறைக்காமல், மாதம் 33 டாலர் மிச்சமாகிறது. சங்கத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்கினுள் மணிவாரியான வரைபடம் இருக்கும். உச்சம் எந்த நாளில், எந்த மணியில் விழுந்தது என்று முதலில் அதில் பாருங்கள். அதோடு கட்டண விதித்தாளையும் படியுங்கள். சில சங்கங்கள் நாள் முழுவதையும் கணக்கிடும், சில கோடையின் பிற்பகலையும் குளிர்காலத்தின் அதிகாலையையும் மட்டுமே கணக்கிடும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

குளிர்காலம் பற்றி ஒரு வார்த்தை. ஹீட் பம்ப் (ஏ.சி. போலவே இயங்கி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் இரவில் வெப்பநிலையை வெகுவாக இறக்கிவிட்டுக் காலையில் ஒரேயடியாக ஏற்றினால், உள்ளே துணைக்கு இருக்கும் மின்கம்பிச் சுருள்கள் இயங்கத் தொடங்கும். பல வீடுகளில் அவை மட்டுமே 10 கிலோவாட். சேமிக்க நினைத்துச் செய்ததே உச்சத்தை ஏற்றிவிடும்.

பதில்: வேப்பமரத்தடி

கேபிடல் கிரெடிட் கடிதம் பணமன்று, கணக்கு. சங்கத்துக்குப் பங்குதாரர்கள் இல்லை. ஆண்டு முடிவில் செலவு போக மிஞ்சுவதை, அவரவர் வாங்கிய மின்சாரத்தின் அளவுக்கேற்ப உறுப்பினர் பெயரில் எழுதி வைக்கிறார்கள். அந்தப் பணம் கம்பங்களாகவும் மின்மாற்றிகளாகவும் தெருவில் நிற்கிறது. நிதிநிலை இடங்கொடுக்கும்போது, இயக்குநர் குழு தீர்மானித்துப் பழைய ஆண்டுகளுக்குரியதைத் திருப்பித் தரும். அதற்கு இருபது ஆண்டுகள் ஆவதும் உண்டு. ஆகையால் பில்லில் கழிக்க இயலாது.

ஆனால் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வீட்டை விற்று வேறு மாநிலம் போனாலும் அந்தத் தொகை உங்களுடையதே. முகவரியைச் சங்கத்திடம் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உறுப்பினர் இறந்தால் வாரிசுகள் கோரலாம். இது தெரியாமலேயே பலருடைய பணம் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

பில்லில் மாதாந்திர நிலைக்கட்டணம் அதிகமாக இருக்கிறதே என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1930-களின் நடுப்பகுதியில் இந்நாட்டு நகரங்களில் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மின்சாரம் இருந்தது. பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் இருந்தது. இலாபமில்லை என்று தனியார் நிறுவனங்கள் ஒதுக்கிய அந்த இடங்களுக்கு, 1935-இல் அமைக்கப்பட்ட ஊரக மின்மயமாக்க நிர்வாகத்திடம் கடன் பெற்று, விவசாயிகளே சங்கம் வைத்துக் கம்பி இழுத்தார்கள். இன்றும் கூட்டுறவுகளில் ஒரு மைல் கம்பிக்குச் சராசரியாக எட்டு இணைப்புகள்தாம். மற்ற நிறுவனங்களுக்கு முப்பதுக்கு மேல். கம்பத்தின் செலவை எட்டுப் பேர்தாமே பகிர்ந்துகொள்ள வேண்டும்!

பதில்: மின்வினைஞர்

எலக்ட்ரீஷியன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். மீட்டர் சங்கத்துடையது, ஆனால் அது பொருந்தியிருக்கும் பெட்டியும், தெருக் கம்பி வந்து சேரும், கூரைமேல் நிற்கும் இரும்புக் குழாயும் பெரும்பாலும் வீட்டுக்காரருடையவை. புயலில் மரக்கிளை விழுந்து அந்தக் குழாய் பெயர்ந்துவிட்டால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் சரிசெய்த பின்னரே சங்கம் இணைப்பைத் திரும்பக் கொடுக்கும். தெரு முழுவதும் வெளிச்சமாகி, உங்கள் வீடு மட்டும் இருளில் நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

ஜெனரேட்டரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். அது வெளிக் கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, மின்மாற்றி வழியாகப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியைக் கொல்லும். வெளிக் கம்பியைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்க, அதற்கென மாற்று சுவிட்ச் உண்டு.

செம்மண்காடு

அனைவருக்கும் நன்றி. வரைபடத்தைப் பார்த்தேன். சென்ற மாத உச்சம் ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை விழுந்திருக்கிறது. வெளியூர் போய்த் திரும்பிய நாள். காரைச் சார்ஜில் போட்டோம், அழுக்குத் துணியெல்லாம் துவைத்து ட்ரையரில் போட்டோம், ஒருவர்பின் ஒருவராகக் குளித்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் மாதம் முழுமைக்கும் தண்டம் கட்டியிருக்கிறேன்! இரவு பதினொரு மணிக்குமேல் சார்ஜ் தொடங்கும்படி இப்போதே காரில் நேரம் குறித்துவிட்டேன்.

இன்னொன்று: கூரையில் சூரியத் தகடு வைத்தால் பில் பூச்சியமாகிவிடும் என்று ஒருவர் வாசலில் வந்து சொன்னார். உண்மையா?

பதில்: பழைய மீட்டர்

கையெழுத்துப் போடுமுன் சங்கத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். மிகுதி மின்சாரத்தை நீங்கள் வாங்கும் விலைக்கே எடுத்துக்கொள்கிறார்களா, அல்லது அதனினும் குறைந்த மொத்த விலைக்கா என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். நிலைக்கட்டணம் எப்படியும் நிற்கும். டிமாண்ட் சார்ஜும் பெரும்பாலும் நிற்கும், ஏனெனில் ஒரே ஒரு மேகமூட்டமான மாலை போதும் உச்சத்தைத் தொட.

பதில்: வேப்பமரத்தடி

இந்த விதிகளையெல்லாம் இயற்றுவது இயக்குநர் குழு. பல மாநிலங்களில் கூட்டுறவுகளின் கட்டணத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிப்பதில்லை. எத்தனை யூனிட் வாங்கினாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். ஆண்டுக் கூட்டத்துக்கு வருபவர்களோ சொற்பம். எனவே கட்டணத்தைப் பற்றிக் குறை இருந்தால் அங்கே எழுந்து கேட்கலாம், காது கொடுப்பார்கள். உறுப்பினர் பதிவு உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறதா, இணைப் பதிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; தனிப் பதிவாக இருந்தால், அன்று நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் மனைவியால் வாக்களிக்க இயலாமல் போகலாம். மாற்றுவதற்குப் பெரும்பாலும் ஒரு படிவமே போதும்.