ஏழாவதுலயே சிதறல் சொல்லிக் குடுக்கலாமா, வேணாமா?

சாக்பீஸ்தூள்:
ஏழாவதுல சராசரி, இடைநிலை, முகடு மூணையும் நடத்திடுறோம். எண்ணெல்லாம் எவ்வளவு பரவிக் கிடக்குதுங்கற சிதறல் பாடம் பத்தாவதுலதான் வருது, வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழுன்னு எல்லாம் ஒரே மூச்சுல. நடுவுல அத்தன வருஷம் பசங்கள சராசரிய மட்டும் நம்ப வைக்கிறது தப்புன்னு நான் நெனக்கிறேன். போன வாரம் கிளாஸ்ல ரெண்டு பஸ் பத்தி சொன்னேன். ஒண்ணுக்கு அஞ்சு நாள் காத்திருந்த நிமிஷம் 9, 10, 10, 11, 10. இன்னொண்ணுக்கு 2, 3, 5, 10, 30. ரெண்டுக்கும் சராசரி 10தான், பரிச்சை அன்னிக்கு எந்த பஸ்ஸ நம்பிக் கெளம்புவீங்கன்னு கேட்டேன். "மொத பஸ்தான் சார், ரெண்டாவது என்னிக்குக் கவுத்துவிடும்னே தெரியாது"ன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. அப்புறம் ரெண்டாவது பஸ்ல ஒவ்வொரு எண்ணும் 10ல இருந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு எழுதச் சொன்னா -8, -7, -5, 0, 20, கூட்டினா பூஜ்யம் வருது, தப்புப் போட்டுட்டோம்னு பாதிப் பேரு அழிச்சிட்டாங்க. எந்த எண்ணைக் குடுத்தாலும் பூஜ்யம்தான் வரும்னு அவங்களே போட்டுப் பாத்து கண்டுபிடிச்சாங்க. அப்புறம் மைனஸ விட்டுட்டு தூரத்த மட்டும் சராசரி எடுத்தோம், மொத பஸ்ஸுக்கு 0.4, ரெண்டாவதுக்கு 8. இதுல ஏழாவது பசங்களுக்கு எட்டாதது என்ன இருக்கு?

பத்தாப்பு மேத்ஸ்:
சார், நல்ல கிளாஸ்தான், ஆனா எனக்கு உடன்பாடு இல்ல. என்கிட்ட பத்தாவதுக்கு வர்ற பசங்கள்ல நிறைய பேரு தசம வகுத்தல்லயே தடுமாறுறாங்க. ஏழாவதுல அதை உறுதியா போட வேண்டிய நேரத்துல இன்னொரு அளவைய ஏன் சுமத்தணும்? அதோட நீங்க மைனஸ எடுத்துடுன்னு பழக்கி விடுவீங்க, நான் திட்ட விலக்கத்துக்கு, சராசரில இருந்து தள்ளி நிக்கிற அந்த விலக்கத்த வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் போடுன்னு சொல்லுவேன், எது சரின்னு அவன் முழிப்பான். திட்ட விலக்கம் போடவே ஏற்கனவே நேரடி முறை, கூட்டுச் சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறைன்னு நாலு வழி இருக்கு, கால்குலேட்டரும் கிடையாது, வர்க்கமூலம் போட்டே களைச்சிப் போறாங்க.

ஐப்பசி மழை:
நான் வாத்தியார் இல்ல, ஏழாவது படிக்கிற பையனோட அப்பா. சென்னைக்கு வருஷத்துக்கு சராசரியா 1400 மில்லிமீட்டர் மழைன்னு சொல்றோம், 2015 நவம்பர்ல மட்டும் நுங்கம்பாக்கத்துல 1000க்கு மேல கொட்டிச்சு, 2019 கோடையில ஏரியெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. சராசரிய மட்டும் படிச்சவனுக்கு இந்த ஊரு புரியவே புரியாது. அதனால சொல்லித் தரணும், ஆனா வீச்சு போதுமே, பெருசுல இருந்து சின்னத கழிச்சா முடிஞ்சது.

சாயங்கால கிளாஸ்:
வீச்சு மட்டும் போதாதுங்க. 0, 10, 10, 10, 20 ஒரு தொகுப்பு, 0, 0, 10, 20, 20 இன்னொண்ணு. ரெண்டுக்கும் சராசரி 10, வீச்சு 20. ஆனா ஒண்ணு நடுவுல கூடி நிக்குது, இன்னொண்ணு ஓரத்துல ஒதுங்கி நிக்குது. தூரத்தோட சராசரி பாத்தா 4, 8னு தெளிவா பிரிஞ்சிடும், வீச்சு ரெண்டு முனைய மட்டும்தான் பாக்கும்.

ஆனா கணக்குல ஆரம்பிக்காதீங்க சாக்பீஸ் சார். நான் ஒரே பெஞ்ச 24 பசங்கள 15 சென்டிமீட்டர் ஸ்கேலால அளக்க வச்சேன். சார்ட்டுல எண்கோடு போட்டு, அவங்கவங்க அளவுக்கு மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொன்னேன். 119, 120, 121 மேல பொட்டு கோபுரமா ஏறிடுச்சு, 112ல ஒத்தப் பொட்டு தனியா. எல்லாரும் அந்தப் பையன் ஸ்கேல வாங்கிப் பாத்தாங்க. பூஜ்யத்துக்கு முன்னாடியும் 15க்குப் பின்னாடியும் அரை அரை சென்டிமீட்டர் சும்மா இருக்கும்ல, அவன் ஓரத்துக்கு ஓரம் வச்சே அளந்திருக்கான், ஒவ்வொரு தடவையும் 16 சென்டிமீட்டர 15னு எண்ணியிருக்கான். அன்னிக்கு வகுத்தலே போடல, சிதறல் ஏன் வருதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு.

பத்தாப்பு மேத்ஸ்:
இந்தப் பொட்டு சார்ட்டு எனக்குப் பிடிச்சிருக்கு, மனசாரச் சொல்றேன். படமா, பேச்சா இருந்தா ஏழாவதுல வரட்டும். மார்க்குக்கு கேள்வியா வந்தா எதிர்ப்பேன், அன்னிக்கே அது மனப்பாடமா மாறிடும்.

சாக்பீஸ்தூள்:
மார்க்கு வேணாம், ஒத்துக்கிறேன் மேடம். ஆனா தூரத்தோட சராசரிய ஒரு தடவையாவது கையால போடட்டும், முழு எண்ணா வர்ற மாதிரி குடுத்தா போதும். அமெரிக்காவுல பல மாநிலங்கள் எடுத்துக்கிட்ட 2010 பொதுப் பாடத்தரத்துல ஆறாவதுலயே இது இருக்கு. குழப்பம் வரும்ங்கறீங்க, எனக்கு அது உங்களுக்கு உதவியாத்தான் தெரியுது. ரெண்டாவது பஸ்ஸ எடுங்க, மொத்த தூரம் 40ல அந்த 30 நிமிஷ நாளோட பங்கு 20, பாதி. வர்க்கப்படுத்தினா மொத்தம் 538ல அது ஒண்ணே 400, கிட்டத்தட்ட முக்கால். திட்ட விலக்கம் 10.4 ஆயிடுது. தூரமா போன ஒண்ணுக்கு வர்க்கம் கூடுதலா கனம் குடுக்குதுன்னு அவனுக்கு அப்பதான் கண்ணுக்குத் தெரியும், ஒப்பிட்டுப் பாக்க பழசு ஒண்ணு கையில இருக்கணும்ல?

பத்தாப்பு மேத்ஸ்:
விலக்கத்தோட கூடுதல் பூஜ்யம்னு தெரிஞ்சிக்கிட்டு வந்தாலே எனக்கு ரெண்டு பீரியட் மிச்சம் சார், அத இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த 40, 538 கணக்க ஜூன்ல என் கிளாஸ்ல போட்டுப் பாக்குறேன். தசம வகுத்தல் விஷயத்துல மட்டும் நான் சொன்னது சொன்னதுதான், அத முடிச்சிட்டு பஸ் கதைக்குப் போங்க.