கடைமடைக்கு வந்து சேர்ந்த ஆய்விதழ்கள்

ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையைத் தேடிப் படிப்பதற்காகச் சென்னைக்குப் போய் இரண்டு நாள் தங்கியதைத் தோழி ஒருவர் எழுதியிருந்தார். நானும் அப்படி அலைந்தவன்தான், அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். 2017-இல் தாவரவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். உப்பேறிய மண்ணில் நெல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது தலைப்பு. வேதாரண்யம், தலைஞாயிறு வயல்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைப்பு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் சேர்ந்தது அரசு உதவி பெறும் கல்லூரி. நூலகத்தில் பாடநூல்கள் நிறைய இருந்தன, ஆய்விதழ்கள் ஒரு அலமாரிகூட நிறையாது. அறிவியல் இதழ்கள் பலவற்றுக்கு ஆண்டுச் சந்தாவே லட்சத்தைத் தாண்டும், கல்லூரியும்தான் என்ன செய்யும்? இணையத்தில் தேடினால் சுருக்கம் மட்டும் தெரியும், முழுசாகப் படிக்க முப்பது நாற்பது டாலர் கேட்கும். முதல் ஆண்டு முழுக்கச் சுருக்கங்களை வைத்தே ஓட்டினேன். மண்ணின் உப்புத்தன்மையை அவர்கள் எப்படி அளந்தார்கள் என்று வழிகாட்டி ஆசிரியர் கேட்டால் பதில் இருக்காது.

ஒரு நாள் நூலகர் சார் கூப்பிட்டு, "தம்பி, என்-லிஸ்ட் பாஸ்வேர்டு இன்னும் வாங்கலையா? காலேஜ் வருஷா வருஷம் பணம் கட்டுது, வந்து கேக்கத்தான் ஆள் இல்லை" என்றார். கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து இணையத்தில் ஆய்விதழ்கள் படிக்க வழிசெய்யும் கன்சார்டியம், அதாவது கூட்டமைப்பு, அது என்று விளக்கினார். அந்தச் சொல்லையே அப்போதுதான் முதல்முறை கேட்டேன். குஜராத்தின் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்லிப்நெட் மையம் 2010-இல் தொடங்கிய திட்டம் இது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகப் பதிப்பகத்தோடு பேரம் பேசாமல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் விலை பேசுகிறார்கள். அப்போது கல்லூரி கட்டியது ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான், அதற்குக் கிடைத்தவை 6,000-க்கும் மேற்பட்ட இதழ்கள், லட்சக்கணக்கான மின்நூல்கள். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று காத்துக்கிடக்கும் ஊர் எங்களுடையது. டெல்லியில் ஒருவர் படிக்கிற அதே இதழ் அதே நாளில் எனக்கும் கிடைத்தபோது உண்மையாகவே கண் கலங்கியது.

அப்புறம் 2018 நவம்பர் 16, கஜா புயல். கொட்டகை பறந்து, செலவழித்து எடுத்து வைத்திருந்த நகல்கள் அத்தனையும் ஊறிப்போயின. எங்கள் ஊரில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும் கும்பகோணத்தில் மாமா வீட்டுக்குப் போய், அங்கிருந்தே என் கணக்கில் நுழைந்து, வேண்டியதை நாலைந்து நாளில் மறுபடி இறக்கிக்கொண்டேன். பக்கத்து மாவட்டத்தில் இதே வேலையைச் செய்த ஒருவரின் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் கிடைத்தது. அவர் மண் மாதிரி எடுத்த விதத்தைப் பார்த்துத்தான் என் அட்டவணையையே திருத்தினேன்.

2025 ஜனவரியில், ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்திருக்கிறது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். பெரிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத்தான். டெல்டாவில் நம் பிள்ளைகள் ஏராளமானோர் படிப்பது சுயநிதிக் கல்லூரிகளில். என் சித்தி மகள் மன்னார்குடி பக்கம் அப்படி ஒன்றில்தான் எம்எஸ்சி படிக்கிறாள், அங்கே எந்தக் கூட்டமைப்பிலும் சேரவில்லையாம். இப்போதைக்கு, யாரும் பணமில்லாமல் திறக்கக்கூடிய ஷோத்கங்காவில் அவள் பாடத்துக்கு ஏற்ற ஆய்வேடுகளாகத் தேடி, வாரம் ஒன்று அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.