மாலை கழட்டுற அன்னைக்கு

குழு: மேலத்தெரு வீடு, செங்கோட்டை

மதினி: சாமி சபரிமலை இறங்கியாச்சாம். நாளைக்குக் காலைல 6 மணிக்கு மாலை கழட்டுறது, அத்தை கையால. எல்லாரும் வந்துருங்க

சின்னண்ணன்: சரி

புனலூர் சித்தி: தென்காசி பஸ் கிடைச்சா வாறேன். அரவணைப் பாயசம் எத்தனை டின்? எனக்கு ரெண்டு

ராஜி: அதுக்கு முன்னாடி ஒண்ணு பேசணும். போன வருசம் மாலை கழட்டி அரை மணி நேரம் ஆகல, பெரியண்ணன் பிரானூர் பார்டர்ல சிகரெட்டும் கையுமா நின்னாக. இந்த வாட்டி 41 நாள் தொடல. விட்ட முதல் ஒண்ணு ரெண்டு வாரம்தான் உடம்பு படுத்தும், அதைத் தாண்டியாச்சு. இனி பழக்கம்தான் இழுக்கும். டீ குடிச்சதும், சாப்பிட்டுக் கை கழுவினதும். அஞ்சு பத்து நிமிசம் தாக்குப்பிடிச்சா அந்த நினைப்பு போயிரும். அந்த நேரத்துக்குச் சட்டைப்பைல ஏலக்காய் கிடக்கட்டும்

மதினி: அத்தை சூடம் அணைச்சு சத்தியம் வாங்கணும்ங்காக. புது வருசம்லா

ராஜி: வேண்டாம் மதினி. ஆயுசுக்கும்னு சத்தியம் வாங்கினா, ஒருநாள் தவறினாலும் மறைச்சுக் குடிப்பாக. தை முடியுற வரைக்கும்னு மட்டும் கேளுங்க. அது முடிஞ்சதும் அடுத்தது பேசுவோம். மாலைக்கும் ஒரு கணக்கு இருந்ததாலதான இருந்தாக

சித்தப்பா: நானும் 1ஆம் தேதிலருந்து நடக்கப் போறேன். தினம் குண்டாறு டேம் வரைக்கும்

குமார்: தாத்தா, போன வருசம் வாங்கின ஷூ இன்னும் டப்பாவுலதான இருக்கு

ராஜி: சித்தப்பா, வாரத்துக்கு 150 நிமிசம் போதும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அரை மணி நேரம், அஞ்சு நாள். மொதல்ல தெருமுனை வரைக்கும் போங்க

சித்தப்பா: 👍

மதினி: போன வருசம் கைல சிகரெட்ட கொடுத்தது யாரு?

சின்னண்ணன்: இன்னும் அதையேவா? கிணத்துப் பங்கு கோவத்த இதுல காட்டாதீங்க மதினி

ராஜி: சின்னண்ணே, உங்க கடைல வேற யாருக்கு வேணும்னாலும் வில்லுங்க. சாமிக்கு மட்டும் கொடுக்காதீங்க

சின்னண்ணன்: கடைப்பையன் கொடுத்தா நான் என்ன செய்ய. பாப்போம்

ராஜி: சிகரெட் அட்டையிலயே 1800-11-2356னு போட்டிருக்கு. விடணும்னு நினைக்கவங்க பேசலாம், காசு கிடையாது. மதினி, ஃபோன்ல போட்டு வைங்க

புனலூர் சித்தி: அரவணை கேட்டேனே

பெரியண்ணன்: சாமி சரணம். பத்தனம்திட்டா தாண்டியாச்சு. எல்லாத்தையும் படிச்சேன். தை முடிய இருக்கேன் ராஜி. ஒரு மாசத்துக்குப் பால் வாங்க, பேப்பர் வாங்கன்னு என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பாதீங்க

மதினி: பாலுக்குக் குமார் போவான்

குமார்: டியூசன் 6 மணிக்கும்மா

சின்னண்ணன்: பால் நான் கொண்டாந்து வைக்கேன்

மதினி: பாப்போம்

பெரியண்ணன்: சித்திக்கு ரெண்டு டின் இருக்கு. பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம், வேன் புனலூர் வழியாத்தான் வருது. எந்த ஸ்டாப்னு சொல்லுங்க