பாரதி வேடத்துக்கு அறுபது கடந்த நடிகர் பொருந்துவாரா?

கோவில்பட்டிக்காரன் (கேள்வி):
எங்கள் நாடகக் குழு, வ.உ.சி.யின் தூத்துக்குடி நாட்களை மேடையேற்ற ஒத்திகை பார்த்து வருகிறது. நாற்பது ஆண்டுகளாகத் தகப்பன், கணக்குப்பிள்ளை, ஊர்ப் பெரியவர் என்று குணச்சித்திர வேடங்களையே ஏற்று வந்த எங்கள் மூத்த நடிகரை இயக்குநர் பாரதியாராக நடிக்க அழைத்திருக்கிறார். கதை நடக்கும் 1908-இன் தொடக்கத்தில் பாரதிக்கு வயது 25. இவரோ அறுபதைக் கடந்தவர். குழுவில் பாதிப் பேர் இதை ஏற்கவில்லை. எனக்கு அவர் நடிப்பின்மேல் நம்பிக்கை உண்டு. ஆனாலும் அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பொதிகை:
1961-இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தை நினைத்துப் பாருங்கள். பாரதியைவிடப் பத்து வயது மூத்த வ.உ.சி.யாக நடித்த சிவாஜிக்கு அப்போது 33 வயது. பாரதியாக வந்த எஸ்.வி. சுப்பையாவோ சிவாஜியைவிட மூத்தவர். 1908-இல் இருபத்தைந்தைக்கூட எட்டாத சுப்பிரமணிய சிவாவாக நடித்த டி.கே. சண்முகம் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வயதுக் கணக்கு முழுக்கத் தலைகீழாக இருந்தும், சுப்பையா நிமிர்ந்து நின்று பேசும் இடங்களில் நமக்கு அது தோன்றுவதே இல்லை. பாரதியின் குரல் ஒலிப்பதிவாக நமக்குக் கிடைக்கவில்லை, படங்களும் சிலவே; எனவே அந்த வேடத்துக்கு முகச்சாயலைவிட, கவிதையைத் தன் நெஞ்சிலிருந்து அப்போதுதான் எழுந்ததுபோலச் சொல்லும் நாவன்மையே வேண்டும். அது நாடக மேடையில் ஊறியவர்களுக்கே எளிதில் வரும்.

முண்டாசு:
பொதிகை ஐயாவின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் ஒப்ப முடியவில்லை. பாரதி 39 வயதைக்கூடக் காணாமல் 1921-இல் மறைந்தவர். கையில் தடியோடு காரைக்குடியில் எடுத்த படத்தைப் பார்த்தே பலரும் அவரை முதியவராக எண்ணிக்கொள்கிறார்கள். அறுபது வயதுக்காரரை நிறுத்தினால் அந்தப் பிழை இன்னும் உறுதிப்படும். அரசை நடுங்க வைத்தவர்கள் அத்தனை இளையவர்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டாமா? மேலும், சிறை மீண்ட வ.உ.சி., பறிபோன வழக்கறிஞர் உரிமையைத் திரும்பப் பெற்று, உங்கள் கோவில்பட்டியிலேயே சில ஆண்டுகள் வழக்காடினார். 1936-இல் மறைந்தபோது அவருக்கு வயது 64. உங்கள் நடிகரின் வயதுக்கும் முகத்துக்கும் அந்த வ.உ.சி. அல்லவா பொருத்தம்? பாரதியைப் பற்றி அவர் எழுதி வைத்த நினைவுகளும் இருக்கின்றன, முதிய வ.உ.சி. தோழரை எண்ணிப் பார்ப்பதாக நாடகத்தைத் தொடங்கலாம்.

கோவில்பட்டிக்காரன்:
இருவருக்கும் நன்றி. முண்டாசு அவர்கள் எழுதியதை நேற்று ஒத்திகையில் படித்துக் காட்டினேன். எங்கள் ஐயா சிறு கண்ணாடி முன் அமர்ந்து, வெள்ளைத் துணியைத் தலையில் சுற்றி முடித்திருந்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து 'என்று தணியும் இந்தச் சுதந்திர தாகம்' என்று தொடங்கினார். குரலில் முதுமை துளியும் இல்லை. பிறகு துணியை அவிழ்த்து மடியில் மடித்து வைத்துக்கொண்டு, அதே வரியை, பாடியவன் போய்விட்டதை அறிந்த ஒருவர் சொல்வதுபோல மெல்லச் சொன்னார். இரண்டாவது முறை அவர் சொல்லி முடித்தபோது, எதிர்த்தவர்களும் வாய் திறக்கவில்லை. கோவில்பட்டிக் காட்சியை எழுதத் தொடங்கிவிட்டோம். பாரதிக்கு இருபதுகளில் உள்ள ஒருவரைத் தேடுகிறோம், அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதாக ஐயாவே ஏற்றிருக்கிறார்.