பள்ளத்தூர் வீட்டு டாஸ் கம்ப்யூட்டரும் ஒரு சீரியல் கேபிளும்

பள்ளத்தூரில் ஒரு பெரிய வளவு வீட்டில் எம்எஸ்-டாஸ் 6.22, விண்டோஸ் 3.1 போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது. அந்த வீட்டு ஐயா இருந்தவரை மொய்க் கணக்கு, கோயில் புள்ளிக் கணக்கு (கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி), அறை அறையாகப் பூட்டிக் கிடக்கும் சாமான்களின் சிட்டை எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றி வைத்திருந்தார். அவற்றை வெளியே எடுத்துத் தரச் சொல்லி அவர் மகன் என்னைக் கூப்பிட்டார்.

யுஎஸ்பி கிடையாது, நெட்வொர்க் கார்டும் கிடையாது. சுமார் 40 எம்பியை 1.44 எம்பி பிளாப்பியில் எடுப்பதென்றால் அத்தனை நல்ல பிளாப்பிக்கு இன்று எங்கே போவது? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டு என்பார்கள். எல்பிஏ (டிஸ்க்கின் இடங்களை வரிசை எண்ணால் குறிக்கும்) முறை வருவதற்கு முந்தைய சின்ன டிஸ்க்குகளைப் பல கன்வெர்ட்டர்கள் கண்டுகொள்வதே இல்லை. போதாததற்கு ஆச்சி வேறு, "தம்பி, பிரிச்சுக் கிரிச்சுப் போட்டுறாதப்பா, ஐயா ஆசையா வச்சிருந்தது" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, அதையும் என் பழைய லேப்டாப்பையும் கேபிளால் இணைப்பதுதான் வழி. காரைக்குடியில் ஒரு கடையில் 'டேட்டா கேபிள்' என்று கொடுத்தது, இரண்டு பக்கமும் 25 பின் உள்ள பேரலல் கேபிள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 2-க்கு 2, 3-க்கு 3 என்று நேராகப் போகிறது. பிரிண்டர் சுவிட்ச் பாக்ஸுக்கு உள்ளது அது. அதை மாட்டினால் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே கம்பியில் அனுப்பப் பார்க்கும், போர்ட்டே போய்விடலாம். கேபிள் வாங்கப் போகிறவர்கள் மீட்டரோடு போங்கள்.

கடைசியில் நானே 9 பின் சீரியல் கேபிள் பற்றவைத்தேன். லேன் ஒயர் துண்டு ஒன்று போதும். 2-ம் 3-ம் குறுக்கே, 7-ம் 8-ம் குறுக்கே, ஒரு பக்கத்து 4 மறுபக்கத்து 6, 1 இரண்டுக்கும், அதேபோல் திருப்பியும். 5 மட்டும் நேராக. பழைய வீட்டு எர்த்தை நம்ப முடியாது என்பதால் இரண்டையும் ஒரே பிளக் போர்டில் போட்டு, அணைத்துவிட்டுத்தான் கேபிளை மாட்டினேன்.

இப்படிக் கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கை இன்னொன்றிலிருந்து படிக்க, டாஸ் 6-லேயே இன்டர்லிங்க், இன்டர்சர்வர் என்று இரண்டு புரோகிராம்கள் இருக்கின்றன. ஐயாவின் கம்ப்யூட்டரில் இன்டர்சர்வரை ஓடவிட்டால் போதும், அதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம். என் பழைய விண்டோஸ் 98 லேப்டாப்பை டாஸில் கிளப்பி, தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் மட்டும் இன்டர்லிங்க் வரியைச் சேர்த்தேன். அவர் சி டிரைவ் என் லேப்டாப்பில் இன்னொரு டிரைவாக வந்து நின்றது. அப்புறம் ஃபோல்டரோடு காப்பி எடுக்கும் எக்ஸ்காப்பி கட்டளை.

வேகம் நொடிக்கு 115200 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட் சேர்த்துப் பத்து போனால், நொடிக்கு 11.5 கேபிக்கு மேல் வராது. 40 எம்பிக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். ஆச்சி புண்ணியத்தில் கந்தரப்பமும் காபியும் வந்ததால் நேரம் போனது தெரியவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 3.1-இல் டிடிஎஃப் எழுத்துருக்கள் சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்தக் காலத் தமிழ் ஃபைல்கள் யூனிகோடு இல்லை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். சிட்டையெல்லாம் டிபேஸ் என்ற பழைய டேட்டாபேஸ் ஃபைல், லிப்ரே ஆபீஸிலேயே திறந்துவிட்டது. யூனிகோடுக்கு மாற்றும் வேலைதான் பாக்கி. மொய்க் கணக்கை முதலில் முடித்துக் கொடு என்கிறார் ஐயாவின் மகன். தையில் அவர் வீட்டில் கல்யாணம்.