கடற்காற்றில் துருவேறும் பழைய ஹார்ன்பி தண்டவாளங்கள்: எப்படிக் காப்பது?

ராயபுரம்வாசி:
வணக்கம். தாத்தா விட்டுச்சென்ற ஹார்ன்பி நிறுவனத்தின் 'ஓ' கேஜ் (ஓர் அளவுவகை) பொம்மை ரயில் தொகுப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தண்டவாளங்களுக்கு இடையே 32 மி.மீ. இடைவெளி, தகரத்தை மடித்துச் செய்த உள்ளீடற்ற தண்டவாளம், நடுவில் மின்சாரத்துக்கான மூன்றாவது தண்டவாளம். வீடு காசிமேடு துறைமுகத்துக்கு அருகில் இருப்பதால், ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஆங்காங்கே புதுத் துரு தெரிகிறது. பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதைப் போலப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள் வீட்டில். உப்புத்தாளே போதும் என்கிறார் வன்பொருள் கடைக்காரர். பழைய மெருகு கெடாமல், ரயிலும் ஓடும் நிலையில், இவற்றைக் காக்க வழி உண்டா?

பெரம்பூர் பழையவர்:
உப்புத்தாளைத் தொடாதீர்கள். உங்கள் தண்டவாளம் வெள்ளீயம் பூசிய எஃகுத் தகடு. துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் தன்னை இழந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயமோ நேர்மாறானது, கீறல் விழுந்த இடத்தில் இரும்பு இன்னும் விரைவாக அரிக்கப்படும். ஆகவே துருவோடு பூச்சையும் சுரண்டி எடுப்பவர், அடுத்த மழைக்காலத்துத் துருவுக்குத் தாமே இடம் ஒதுக்குகிறார். கம்பிப் பஞ்சும் கூடாது. அதன் துகள்களை இஞ்சின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். புளியின் அமிலம் துருவைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் மடிப்புகளுக்குள் தங்கும் புளிச்சாற்றை யார் கழுவி எடுப்பது?

முதல் வேலை உப்பை நீக்குவது. கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும்; நம் பகுதியில் அந்த அளவுக்குக் கீழே காற்று வறண்டு போவது அரிது. எனவே உப்பை உள்ளே வைத்துக்கொண்டு மேலே எதைப் பூசினாலும் துரு அடியில் வேலை செய்துகொண்டே இருக்கும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கூட்டுவதுதான் மிச்சம். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான பிரஷ்ஷை நனைத்துத் துடையுங்கள். நடுத் தண்டவாளத்தைத் தனிப்படுத்தும் காப்புத் துண்டுகள் ஊறிப்போகலாம், ஆகவே முழுதாக மூழ்கவைக்க வேண்டாம். உடனே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உள்ளீடற்ற பகுதி கீழ்நோக்கி இருக்கும்படி வெயிலில் வையுங்கள். ஈரம் உள்ளே தங்கினால் தண்டவாளம் உள்ளிருந்தே மெலிந்து போகும்.

திருவொற்றியூர் குடிமகன்:
மேற்சொன்னதோடு உடன்படுகிறேன். இரும்புக்குத் தையல் இயந்திர எண்ணெய் பூசுவது இங்கே வழக்கம்தான், ஆனால் அது ரயில் ஓடும் மேற்பரப்பில் தூசியைச் சேர்த்துக் கருப்பு மையாக்கும், மின்தொடர்பும் தடுமாறும். மெல்லிய மெழுகே மேல். ஏற்கெனவே துருவேறிய, தண்டவாளங்களைத் தாங்கும் குறுக்குத் தகடுகளுக்குக் கடுக்காய்க் கஷாயம் தடவிப் பார்க்கலாம். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்து கருநீல இரும்பு டானேட்டாக மாறும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது, நிறமும் மாறிவிடும். சேகரிப்பு மதிப்பு முக்கியம் என்றால் வேண்டாம்.

ராயபுரம்வாசி:
நன்றி ஐயா. மெழுகும் மின்சாரத்தைத் தடுக்காதா? தொகுப்பு இப்போது மர அலமாரியில், அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது.

மாதவரம் பேக்கிங்:
தடுக்கும். அதனால்தான் மெழுகை முழுதும் தடவி, சற்று நேரம் கழித்துப் பருத்தித் துணியால் தேய்த்துவிட்டு, ஓட்டும் நாளில் தண்டவாளத்தின் மேல் விளிம்பையும் இணைப்பு ஊசிகளையும் மட்டும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ஓட்டி முடித்ததும் அந்த விளிம்புக்கு மறுபடி மெழுகு. அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது.

என்னைக் கேட்டால், பூச்சைவிட அலமாரியே பெரிய சிக்கல். மரமும் பிளைவுட்டும் கரிம அமில ஆவிகளை வெளியிடும். அட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அம்பத்தூர் பட்டறைகளில் இயந்திர உதிரிகளைப் பொதியும் வி.சி.ஐ. காகிதம் (துருவைத் தடுக்கும் ஆவியை வெளியிடும் காகிதம்) சில்லறையாகவும் கிடைக்கும். அதில் ஒவ்வொரு துண்டாகச் சுற்றி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறிய ஜெல்லை 110 டிகிரி அளவில் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். வெயிலில் காய்ந்த தண்டவாளம் சூடு ஆறும்வரை டப்பாவை மூட வேண்டாம். ஈரக்காற்று வீசும் மாலையில் இந்த வேலையைத் தொடங்காமல், பங்குனி வெயிலில் முற்பகலிலேயே முடித்துவிடுங்கள்.